வழவழப்பு, வரி, குழி: எஃகுப் பரப்புக்கு எது பொருந்தும்?

சிங்கப்பூரின் துவாஸ், ஜூரோங் பக்கத்துப் பட்டறைகளில் கப்பல் எந்திரங்களைப் பிரித்து மாட்டும் நம்மவர்களிடையே, தேய்மானத்தைக் குறைக்கப் பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றினால் போதும் என்ற எண்ணம் எளிதில் எழும். அது பாதி உண்மைதான். துல்லியமாக இழைத்த இரண்டு அளவுக் கட்டைகளை (நீளத்தைச் சரிபார்க்க உதவும் துண்டுகள்) அழுத்தி நகர்த்திச் சேர்த்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. எண்ணெய் தங்க இடமில்லாத வழவழப்பு, சறுக்குவதற்குப் பதிலாக ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையின் உள்ளுறையான சிலிண்டர் லைனருக்குச் செய்யப்படும் பிளாட்டோ ஹோனிங் முறையில், முதலில் சொரசொரப்பான கல்லால் குறுக்கும் நெடுக்குமாக வரிகள் போடப்படுகின்றன. பிறகு நுண்கல்லால் மேடுகளின் முனைகள் மட்டும் சீவப்படுகின்றன. சமனான மேடுகள் பாரத்தைத் தாங்க, வரிகள் எண்ணெயைத் தேக்கிவைக்கின்றன. பிஸ்டன் மேல்முனையில் ஒரு கணம் நின்று திரும்பும்போது எண்ணெய்ப் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடும் நிலை வருகிறது. அங்கே கைகொடுப்பவை இந்த வரிகளே. அவை தேய்ந்து லைனர் பளபளக்கத் தொடங்கினால் எண்ணெய்ச் செலவு கூடும், பரப்பு உரசிக் கிழியும் அபாயமும் வளரும்.

லேசரால் பரப்பில் பொறிக்கும் நுண்குழிகளின் கதை வேறு. நுண்மேடு பள்ளங்களே எண்ணெயில் அழுத்தத்தை உருவாக்க முடியும் என்று ஹாமில்டன், வாலோவிட், ஆலன் ஆகிய ஆய்வாளர்கள் 1966-இல் காட்டினர். 1990-களில் இஸ்ரேலின் டெக்னியான் தொழில்நுட்பக் கழகத்து இட்சாக் எட்சியன் அதை லேசரால் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் அகலமும் சில மைக்ரோமீட்டர் ஆழமும் கொண்ட ஒவ்வொரு குழியும் ஒரு குட்டித் தாங்கியாகிறது (பேரிங்): குழியின் ஒரு பாதியில் அழுத்தம் உயர்கிறது, மறுபாதியிலோ எண்ணெயில் குமிழி உண்டாவதால் அழுத்தம் ஓரளவுக்கு மேல் இறங்குவதில்லை, எஞ்சும் வேறுபாடு பரப்புகளைப் பிரித்துத் தூக்குகிறது. தேய்ந்த துகள்களும் குழிக்குள் ஒதுங்குகின்றன. (மிளகாய் நழுவாமலிருக்க அம்மியைக் கொத்தினோம், இங்கே நழுவுவதற்காகக் கொத்துகிறோம்.) ஆனால் லேசர் சுட்ட குழியின் விளிம்பில் உருகிய உலோகம் புடைத்து நிற்கும், அதை இழைத்து நீக்காவிட்டால் எதிர்ப்பரப்பை அதுவே அரம்போல் அராவிவிடும்.

பம்பு சீல் முகம், உந்துத் தாங்கி போன்று இரு பரப்பும் அகலமாகப் பொருந்தும் இடங்களில் லேசர் குழிகளுக்கே என் வாக்கு. கியர் பல்லிலும் குண்டுத் தாங்கியிலும் தொடுமிடம் மிகக் குறுகியது. ஆழமான குழி அங்கே எண்ணெய்ப் படலத்தை உடைத்து, விளிம்பில் தகைவை (உலோகத்தின் உள்ளழுத்தத்தை) குவித்து, திரும்பத் திரும்பப் பாரம் ஏறுவதால் வரும் களைப்பு விரிசலுக்கு வித்திடும். லைனருக்கோ, பட்டறையிலேயே செய்யக்கூடிய ஹோனிங்கை விட்டுவிட்டு லேசரைத் தேடிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிறு குண்டுகளை வேகமாக வீசிப் பரப்பைத் தாக்கும் ஷாட் பீனிங்கை இந்த வரிசையில் வைப்பதே சரியில்லை. குண்டுமாரியால் விழும் பள்ளங்கள் அதன் பக்கவிளைவு. மேற்பரப்பில் அமுக்கத் தகைவை ஏற்படுத்தி விரிசலைத் தடுப்பதே அதன் நோக்கம்.

எதைத் தேர்ந்தாலும், வேலைத்தாளில் சராசரிச் சொரசொரப்பான ஆர்ஏ அளவை மட்டும் எழுதிக் கொடுக்கக் கூடாது. கூரிய மேடுகள் நிறைந்த பரப்புக்கும் ஆழ்ந்த வரிகள் கொண்ட பரப்புக்கும் ஒரே ஆர்ஏ வரலாம். மேட்டுக்கு ஆர்பிகே, பள்ளத்துக்கு ஆர்விகே எனத் தனித்தனியே கேட்டு வாங்க வேண்டும்.