கூரையைப் பார்த்த பிறகே தூரிகையைத் தொட்ட பாஸ்: எங்கள் வீட்டுச் சீலிங் வேலை

இலங்கை மலையகத்தின் டிக்கோயாவில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறைச் சீலிங்குக்கும் குசினிச் சீலிங்குக்கும் கடந்த மார்ச் மாதம் பெயிண்ட் அடித்துத் தந்த பாஸ் (கைத்தொழில் வேலையாள்) ஒருவரின் வேலையைப் பற்றி இங்கு எழுதுகிறேன். ஒப்புக்கொண்ட வேலைகளையே முடிக்க நாள் போதவில்லை என்று அவரே கேட்டுக்கொண்டதால் பெயரைத் தரவில்லை. ஆயினும், ஈரலிப்பும் மூடுபனியும் நிறைந்த நம் பகுதியில் ஒரு சீலிங் வேலையை எப்படிச் செய்விக்க வேண்டும் என்பதை அவர் வேலை செய்த முறையிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த ஜூலை மாதத்தில், இதே சீலிங்குக்கு வேறொருவர் பெயிண்ட் அடித்திருந்தார். காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து ஏறிய பனி அறைக்குள்ளேயே நின்ற ஒரு நாளில், காலையில் முதற்பூச்சும் மாலையில் இரண்டாம் பூச்சும் முடித்து, இருட்டுவதற்குள் கூலியை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். தீபாவளிக்குள் பெயிண்ட் பப்படம் போலப் பொரிந்து உதிர்ந்தது. மூலைகளில் கறுப்புப் பூஞ்சணம் புள்ளி புள்ளியாகப் படர்ந்தது. எமல்ஷன் பெயிண்ட் காய்வதென்றால் அதிலுள்ள நீர் வெளியேறி, துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாக வேண்டும். காற்றே நீரால் நிறைந்திருக்கும்போது அந்த நீர் எங்கே போகும்? குளிரும் சேர்ந்துகொண்டால் படலம் சரியாகப் பிடிக்காமல் மாவாகிவிடும். அன்று இது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் சொல்லவும் இல்லை.

புதிய பாஸ் முதல் நாள் பெயிண்ட் வாளியைத் திறக்கவே இல்லை. "கூரையப் பாக்காம சீலிங்ல கை வைக்க மாட்டேன் சேர்" என்று சொல்லி ஏணியில் ஏறியவர், தகரத்தை இறுக்கிய ஆணிகளில் பல இடங்களில் றப்பர் வொஷர் இற்றுப் போயிருப்பதைக் காட்டினார். சீலிங்கில் இருந்த பழுப்பு வளையங்கள் ஒவ்வொன்றும் அந்த ஆணிகளுக்கு நேர் கீழே இருந்தன. அவற்றை மாற்றி, ஒரு வாரம் காயவிட்ட பிறகே மறுபடி வந்தார்.

எங்கள் சீலிங் பழைய தட்டை அஸ்பெஸ்டஸ் தகடு. அதை உலர்ந்த நிலையில் மண்தாளால் தேய்க்க அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. தேய்க்கும்போது பறக்கும் நுண்ணிழைகளைச் சுவாசிப்பதே ஆபத்து. ஆகவே, உதிரும் பெயிண்டை மட்டும் ஈரப்படுத்தி மெதுவாகச் சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்தார். முன்பு வந்தவர் அரை நாள் தேய்தேயென்று தேய்த்ததும், நாங்கள் அந்தத் தூசியைத் துடைப்பத்தால் கூட்டியதும் அப்போது நினைவுக்கு வந்தன. பூஞ்சணம் படர்ந்த இடங்களில் பிளீச்சை நீர் கலந்து தடவி, சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவி, இரண்டு நாட்கள் உலரவிட்டார்.

அவருடைய திறமை முழுதாகத் தெரிந்தது குசினியில்தான். விறகடுப்புப் புகையால் அங்கே சீலிங் தேநீர்ச் சாயம் போல மாறியிருந்தது. இத்தகைய கறையின் மேல் எமல்ஷனை நேரடியாக அடித்தால், பெயிண்டிலுள்ள நீரே கறையைக் கரைத்து மேலே இழுத்து வரும். எத்தனை பூச்சு அடித்தாலும் மஞ்சள் மீண்டும் முகம் காட்டும். அதனால் சவர்க்கார நீரால் கழுவிய பின், குசினி முழுவதற்கும் முன்னறையின் பழுப்பு வளையங்களுக்கும் கறையை உள்ளேயே அடைத்துவைக்கும் எண்ணெய் சார்ந்த பிரைமரை (அடிப்பூச்சை) அடித்தார். அந்த மணம் இரண்டு நாட்கள் நின்றது. பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. ஆனால் கறை இன்றுவரை மேலே வரவில்லை.

முன்னறை 14 அடிக்கு 12 அடி. பளபளப்பில்லாத சீலிங் வெள்ளையில் 4 லீற்றர் வாளியொன்று இரண்டு பூச்சுக்கும் போதுமானதாக இருந்தது. ஓரங்களைத் தூரிகையால் சிறிது தூரம் வரைந்து, அது காய்வதற்குள் நீண்ட கம்பில் செருகிய ரோலரால் அதனோடு இணைத்துக்கொண்டே போனதால் எங்கும் பட்டை விழவில்லை. குளிரில் பெயிண்ட் மெதுவாகக் காய்வது இந்த ஒரு விடயத்தில் நமக்கு வசதிதான். ஆனால் இரண்டாம் பூச்சை மறுநாள் வெயில் ஏறிய பிறகே தொட்டார். மேலும் மலையகத்து வீடுகளில் மின்விசிறி தொங்குவது அரிது என்பதால் நடுவில் எதையும் சுற்றி வளைத்து அடிக்க வேண்டிய தொல்லையும் இல்லை.

குறைகளும் உண்டு. தகடுகளை இணைக்கும் மரச்சட்டங்களின் ஓர இடைவெளிகளை அவர் நிரப்பவில்லை; கீழிருந்து பார்த்தால் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிகின்றன. சீமெந்துத் தரையில் பரப்பிய பழைய சாக்குகள் போதாமல், வாசற்படியருகே சிந்திய துளிகளை நான்தான் சுரண்டினேன். ஒரு மரணவீட்டுக்காக அறிவிக்காமல் ஒரு நாள் வராதிருந்ததை நான் பெரிதுபடுத்தவில்லை. கூலி நாளொன்றுக்கு 4,000 ரூபாய். பகலுணவும் இரு வேளை இஞ்சிப் பிளேன்டியும் நம் பொறுப்பு. முதலில் வந்தவரைவிட நாட்கள் கூடியதால் செலவும் கூடியது. இருந்தும் முதலில் வந்தவரிடம் கொடுத்து வீணான பணத்தோடு ஒப்பிட்டால் இதை நான் அதிகமென்று சொல்ல மாட்டேன்.

மே மாதம் தொடங்கிய மழை முழுவதையும் சீலிங் தாங்கிவிட்டது. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் புதிய புகை படிகிறது. புகைபோக்கி வைக்காத வரை அதற்குப் பாஸைக் குறை கூற முடியாது. படுக்கையறைச் சீலிங்கையும் செய்துவிடலாம் என்று ஜூலையில் அவரை அழைத்தேன். கூலியைக் கூட்டித் தருவதாகச் சொல்லியும், ஜனவரிக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.