ஃப்ரீபிஎஸ்டியில் ஸ்பாட்டிஃபை: பிரவுசரா, என்சிஸ்பாட்டா?

பாலக்கோட்டில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, பழைய லேப்டாப்ல ஃப்ரீபிஎஸ்டி போட்டேன், ஸ்பாட்டிஃபை பாடவே மாட்டேங்குது." பாடாதுதான். ஃப்ரீபிஎஸ்டி என்பது லினக்ஸ் போன்ற, ஆனால் வேறான ஓர் இலவச இயங்குதளம். லினக்ஸுக்கு ஸ்பாட்டிஃபை செயலி உண்டு, ஃப்ரீபிஎஸ்டிக்குக் கிடையாது. நான் பார்த்த வழி இரண்டு: பிரவுசரில் ஸ்பாட்டிஃபையின் வெப் பிளேயர், அல்லது என்சிஸ்பாட். இது டெர்மினலில், அதாவது எழுத்துக் கட்டளைத் திரையில், ஓடும் ஸ்பாட்டிஃபை செயலி.

செலவு: பிரவுசருக்கு இலவசக் கணக்கே போதும், விளம்பரம் வரும். என்சிஸ்பாட்டுக்குப் பிரீமியம் கட்டாயம்.

நிறுவுவது: தலைவலி இங்கேதான். வெப் பிளேயர் வைட்வைன் கேட்கும். அதாவது, பூட்டிய பாட்டைத் திறக்கும் சாவி. கூகுள் அதை ஃப்ரீபிஎஸ்டிக்கு வெளியிடவில்லை. அதனால் லினக்ஸ் செயலிகளை ஃப்ரீபிஎஸ்டியில் ஓட்டும் லினக்ஸுலேட்டரை இயக்கி, அதற்குள் லினக்ஸ் குரோமைப் போடுவது ஒரு வழி. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, மதியச் சாப்பாடு உட்பட. என்சிஸ்பாட்டுக்கு, ஃப்ரீபிஎஸ்டியில் செயலிகளை நிறுவும் பிகேஜி கட்டளை ஒரு வரி போதும்.

மெமரி: 2 ஜிபி லேப்டாப்பில் குரோம் திறந்தாலே மூச்சு வாங்கும். என்சிஸ்பாட் டெர்மினலில் ஓடுவது, இலகு.

நம்பகம்: என்சிஸ்பாட் அதிகாரபூர்வமானது அல்ல. ஸ்பாட்டிஃபை எதையாவது மாற்றினால், புது பதிப்பு வரும்வரை ஊமைதான்.

பிரீமியம் கட்டுபவர், கீபோர்டு பழகியவர் என்றால் என்சிஸ்பாட். இலவசமாகத்தான் கேட்பேன் என்றால், சரி, அந்த லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுவிடுங்கள். ஃபயர்பாக்ஸில் டிஆர்எம் (பூட்டிய பாட்டை இயக்கும் அனுமதி) பெட்டியில் ஒரு டிக் போதும். தம்பி மின்ட்டுக்கு மாறிவிட்டார்.