லண்டன் வீட்டுப் பழைய கணப்பு: யாரிடம் ஒப்படைப்பது?

ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங் என்று லண்டனில் நம்மவர்கள் வீடு வாங்கும் பகுதிகளில் பல தெருக்கள் விக்டோரியா காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்போ கட்டப்பட்டவை. முன்னறைச் சுவரைத் தட்டினால் ஓரிடத்தில் வெற்றுச் சத்தம் கேட்கும். அங்கே அடித்திருக்கும் பலகையைக் கழற்றினால், அதிர்ஷ்டம் இருந்தால், வார்ப்பிரும்புக் கணப்பு அப்படியே இருக்கும். இருபுறமும் ஐந்தைந்து பூப்போட்ட டைல்ஸ்கூட உடையாமல் இருக்கலாம்.

அதைப் பழையபடி கொண்டுவர யாரைக் கூப்பிடுவது? தெரிந்த பில்டர், புகைபோக்கியைத் துடைக்கும் சிம்னி ஸ்வீப், பழைய கணப்புகளைச் சீரமைக்கும் பட்டறைக்காரர், ஹீட்டாஸ் (விறகு, நிலக்கரிக் கணப்பு வேலைக்கான பதிவு அமைப்பு) பதிவு பெற்ற வேலையாள் என நாலு பேர் இருக்கிறார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் போன் சிம்னி ஸ்வீப்புக்குத்தான். பில்டர் கடைசி.

ஆனால் நம் வீடுகளில் முதலில் வருபவர் பில்டர்தான். தெரிந்த முகம், தமிழிலேயே பேசிவிடலாம், கூலியும் கட்டுப்படியாகும். அடைத்த சுவரைத் திறக்கவும் சுற்றிப் பூசவும் அவர் போதும். அதற்கு மேல் போகும்போதுதான் சிக்கல். அந்தக் காலப் புகைபோக்கிகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. சூட்டில் விரிந்து சுருங்குவதற்குச் சுண்ணாம்பு கொஞ்சம் இடம் கொடுக்கும், ஈரத்தையும் வெளியே விடும். சிமென்ட் இரண்டையும் செய்யாது. நெருப்புக்குப் பின்னால் நிற்கும் சுடுமண் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். விவரம் தெரிந்தவர் அதை நடுவில் கிடைமட்டமாக இரண்டாக்கி வைப்பார். பின்பக்கம் நெளி அட்டையை ஒட்டி, அதற்குப் பின்னால் சுண்ணாம்பு கலந்த பலவீனமான கலவையை நிரப்புவார். அட்டை எரிந்துபோனதும் மிஞ்சும் சின்ன இடைவெளியில் பலகை சூடேறி விரிந்துகொள்ளும். என் மைத்துனர் வீட்டில் ஒரு பில்டர் சிமென்ட் காங்கிரீட்டை இறுக்கி அடைத்துவிட்டுப் போனார். முதல் குளிர்காலத்திலேயே பலகை மேலிருந்து கீழாகப் பிளந்துவிட்டது.

பட்டறைக்காரரின் அருமை வேறு. வார்ப்பிரும்பைக் கழற்றி எடுத்துப்போய், அடுக்கடுக்கான பெயின்டை நீக்கி, துரு போக்கி, கறுப்பு மெருகேற்றித் தருவார். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தச் சுரண்டல் வேலை வெளியே நடப்பதே நல்லது. கழற்றியதும் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். வைர வடிவ முத்திரை இருந்தால் அந்த வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது. அதன் பிறகு முத்திரை போய், வெறும் பதிவு எண் வந்துவிட்டது. தன் தொழிலை நேசிப்பவர் நீங்கள் கேட்காமலே இதைக் காட்டுவார்.

அவரைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: “கணப்பைச் சுற்றியிருக்கும் இந்தச் சட்டகம் மார்பிளா?” மார்பிள் போல ரேகை வரைந்து சூளையில் சுட்ட ஸ்லேட் பலகைகள் அக்காலத்தில் ஏராளம். நல்லவர் கைவிளக்கோடு குனிந்து, உள்விளிம்பில் சிதைந்த இடத்தைத் தேடுவார். அங்கே சாம்பல் கறுப்பு தெரிந்தால் ஸ்லேட். நின்ற இடத்திலிருந்தே “மார்பிள்தான், ஆசிட் போட்டுப் பளபளவென்று ஆக்கிடலாம்” என்பவரிடம் கொடுத்தால் அந்த ரேகை மொத்தமும் போய்விடும். மார்பிளாகவே இருந்தாலும் ஆசிட் அதை அரிக்கும்.

ஆனால் பட்டறைக்காரருக்குப் புகைபோக்கியின் உள்நிலை தெரியாது. அதைப் பார்ப்பவர் ஸ்வீப். வரிசை வீடுகளில் முந்தைய உரிமையாளர் மாடியறையைப் பெரிதாக்க அங்கிருந்த புகைபோக்கிச் சுவரையே இடித்திருப்பதுண்டு. கீழே கணப்பு அழகாக நிற்கும், மேலே புகைக்கு வழியே இருக்காது. பக்கத்து வீட்டுப் புகைவழிக்கும் நம்முடையதற்கும் நடுவே பெரும்பாலும் ஒற்றைச் செங்கல் தடுப்புதான். அதில் சாந்து உதிர்ந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குள் போகும். உயிரோடு விளையாடும் விஷயம் இது. அதனால் துடைத்துவிட்டுப் போகிறவரை விடுங்கள். புகை வில்லை கொளுத்திக் கசிவுச் சோதனை செய்து, எழுத்தில் தருபவரைத் தேடுங்கள். இந்தச் சோதனை முடியும்வரை மற்ற யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நெருப்பே மூட்டப்போவதில்லை, அழகுக்குத்தான் என்றால் ஹீட்டாஸ்காரர் தேவையில்லை. மழை இறங்காமல் மேலே காற்றோட்டமுள்ள மூடி இருந்தால் சரி. மூட்டுவதாக இருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். லண்டனின் பெரும்பகுதி புகைக்கட்டுப்பாட்டுப் பகுதி. அங்கே திறந்த கணப்பில் விறகு எரிக்கக் கூடாது, அனுமதிக்கப்பட்ட புகையில்லா எரிபொருள் மட்டும்தான். மீறிப் புகை விட்டால் கவுன்சில் 300 பவுண்டுவரை அபராதம் போடலாம். புகைவழிக்குள் புதிய குழாய் இறக்குவது கட்டட விதிகளுக்கு உட்பட்ட வேலை. ஹீட்டாஸ் பதிவு உள்ளவர் தானே சான்றிதழ் கொடுத்துவிடுவார், பதிவு இல்லாதவர் செய்தால் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு நீங்கள் அலைய வேண்டும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அந்தக் காகிதத்தைக் கேட்பார். கேஸ் கணப்பு என்றால் கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் தொட வேண்டும், அது சட்டம். அவருடைய அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று இருக்கும். திருப்பிப் பார்க்கத் தயங்காதீர்கள்.

ஆக, ஸ்வீப்பின் அறிக்கை, அப்புறம் மூட்டுவதா வேண்டாமா என்ற முடிவு, பிறகு பட்டறையும் ஹீட்டாஸும், கடைசியாகப் பூச்சுக்குப் பில்டர். பட்டறைக்காரர் கழற்றியதைத் திரும்பப் பொருத்துவது யார், சுடுமண் பலகைக்குப் பின்னால் எதை நிரப்புவார் என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரியை எழுதத் தயங்குபவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.