கெய்ரோ உரையா, பனாமா கால்வாயா?

அமெரிக்கா மீது பிற நாட்டவருக்கு உள்ள பகை தணிய எது உதவும்: நல்ல பேச்சா, கொள்கை மாற்றமா? 2009 ஜூனில் ஒபாமா கெய்ரோ பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் உலகுடன் புதிய தொடக்கம் வேண்டும் என்றார். நல்ல உரைதான். ஆனால் பியூ என்ற ஆய்வு நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் எகிப்தியரிடையே அமெரிக்கா மீதான நல்லெண்ணம் அந்த ஆண்டில் 27 சதவீதம், மறு ஆண்டே 17. எகிப்து அதிபர் முபாரக்கின் அரசுக்கு அமெரிக்கா தந்த ராணுவ உதவி அப்படியே தொடர்ந்ததே!

பனாமாவில் மாறியது கொள்கையே. 1964இல், அமெரிக்காவின் பிடியில் இருந்த கால்வாய் மண்டலத்தில் மாணவர்கள் ஏற்றப்போன பனாமா கொடி கிழிந்ததில் கலவரம் மூண்டது. இருபதுக்கும் மேற்பட்ட பனாமியர் மாண்டனர், தூதரக உறவே முறிந்தது. உள்நாட்டு எதிர்ப்பை மீறி அமெரிக்க அதிபர் கார்ட்டர் 1977இல் கால்வாயைப் பனாமாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1989இல் அமெரிக்கா படையெடுத்த கொடுமைக்குப் பிறகும் அந்த வாக்கு நின்றது. 1999 டிசம்பர் 31 அன்று கால்வாய் கைமாறியது. கோபத்தின் வேரே அகன்றது. பகை தணிய இந்த வழியே சிறந்தது என்பேன். 2025இல் கால்வாயை மீட்போம் என்று டிரம்ப் பேசியதும் பனாமா மக்கள் மீண்டும் தெருவில் இறங்கினார்கள்.