டியூராவென்ட் சிம்னி பைப்: பெட்டிக்குள் இருப்பதும் இல்லாததும்

கனடாவிலோ அமெரிக்காவிலோ குளிர்காலத்துக்கென்று விறகு ஸ்டவ் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஸ்டவ்வைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். கண்ணாடிக் கதவு, வார்ப்பிரும்பு வேலைப்பாடு, எத்தனை சதுர அடியைச் சூடாக்கும் என்ற கணக்கு. சிம்னி பைப் கடைசியில் நினைவுக்கு வரும், அதன் பில் பல நேரம் ஸ்டவ் விலையையே தொட்டுவிடும். உண்மையில் ஸ்டவ்வை இயக்குவது பைப்தான். புகையை மேலே இழுக்கும் இழுவை இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்டவ்வும் வீட்டுக்குள்தான் புகையைத் துப்பும்.

பெரிய வன்பொருள் கடைகளில் எளிதாகக் கிடைப்பது டியூராவென்ட் நிறுவனத்தின் டியூராபிளஸ். அதே நிறுவனத்தின் டியூராடெக், ஸ்டவ் விற்கும் கடைகளில் அதிகம் தென்படும். இரண்டிலும் விறகு ஸ்டவ்களுக்கு வழக்கமான ஆறு அங்குல அளவைத்தான் இங்கே பார்க்கிறோம்.

டியூராபிளஸ் மூன்று சுவர் கொண்டது. உள்ளே துருப்பிடிக்காத எஃகு, அதைச் சுற்றி செராமிக் கம்பளி, அதற்கு வெளியே காற்றிடைவெளி, கடைசியாக வெளியுறை. உள்விட்டம் ஆறு அங்குலமென்றால் வெளிவிட்டம் பத்து. டியூராடெக் இரட்டைச் சுவர், நடுவே ஓர் அங்குல வெப்பக்காப்பு, வெளிவிட்டம் எட்டு. எரியக்கூடிய பொருளிலிருந்து இரண்டுக்குமே இரண்டு அங்குல இடைவெளி கட்டாயம். ஆகவே மரச்சட்டங்களுக்கு நடுவே டியூராபிளஸுக்கு 14 அங்குலமும் டியூராடெக்குக்கு 12 அங்குலமும் வேண்டும். சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் அடிக்கப்பட்டிருந்தால் அவற்றுக்கு நடுவே மிஞ்சும் வெற்றிடம் பதினான்கரை. பத்து அங்குலப் பைப் அதில் நூல் பிடித்தாற்போல நுழையும். அரை அங்குலம் தவறினாலும் சட்டத்தை வெட்டி மாற்றுச்சட்டம் கட்ட வேண்டும். இடம் குறுகிய வீட்டுக்கு டியூராடெக்கே மேல். கூரைக்குமேல் தெரியும் தோற்றமும் அதில் மெலிதாக இருக்கும்.

மூன்று சுவர் என்றதும் டியூராபிளஸைக் குளிர்காற்று சுழலும் பழைய வகைப் பைப்போடு குழப்பிக்கொள்ளக்கூடாது. திறந்த ஃபயர்பிளேஸுக்கென்று வரும் அந்த வகையில் வெளிக்காற்று சுவர்களுக்கிடையே ஓடிப் புகையைக் குளிரவைக்கும். புகை 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதிலுள்ள தாரும் நீராவியும் சுவரில் படியத் தொடங்கும். அதுதான் கிரியோசோட், சிம்னித் தீயின் எரிபொருள். வெப்பக்காப்புள்ள பைப்புக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை, புகையைச் சூடாக மேலே அனுப்புவதற்கான விலைதான்.

லேபிளில் பார்க்க வேண்டியது ஒன்றே, பாதுகாப்புத் தரக் குறியீடு. அமெரிக்காவில் யூஎல் 103எச்டி (UL 103HT), கனடாவில் யூஎல்சி எஸ்629 (ULC S629). எச்டி என்ற இரண்டெழுத்து இல்லாத 103 விறகு ஸ்டவ்வுக்குப் போதாது. எச்டி தரத்தில் பைப்பை 2100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை சோதிக்கிறார்கள், சிம்னித் தீயை மனதில் வைத்து. எஸ்629 பைப் 650 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து இயங்கத் தகுந்தது. கனடாவில் வாங்குபவர்கள் எல்லைக்கு அப்பாலிருந்து மலிவாகக் கொண்டுவருமுன் எஸ்629 என்ற குறியீட்டைத் தேட வேண்டும். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும், விறகு ஸ்டவ் வேலைக்கான கனடாவின் வெட் (WETT) சான்று பெற்ற ஆய்வாளர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேஸ் ஹீட்டருக்கான பி-வென்ட் பைப்பும் இரட்டைச் சுவர்தான், விலையும் குறைவு. பலர் அதில்தான் ஏமாறுகிறார்கள். அதன் உட்சுவர் அலுமினியம், 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சிம்னித் தீ ஆயிரம் டிகிரியைத் தாண்டும். வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

இனி "மேற்கூரை வழி" என்று எழுதியிருக்கும் பெட்டி. மேற்கூரை என்பது இங்கே அறையின் சீலிங். பைப்பைத் தாங்கும் மேற்கூரைத் தாங்கு பெட்டி, கூரைத் துளையில் மழைநீர் இறங்காமல் தடுக்கும் கூம்புத் தகடான ஃபிளாஷிங், அதற்கு மேலே பைப்பைச் சுற்றும் வளையமான ஸ்டார்ம் காலர், உச்சிக் கேப் போன்றவை உள்ளே வரும். நீளப் பைப் வராது! பெட்டியின் படத்தில் முழுச் சிம்னியும் நிற்பதால் இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். ஸ்டவ்விலிருந்து மேற்கூரைவரை போகும் கறுப்பு ஸ்டவ் பைப்பும் வராது.

எவ்வளவு நீளம் வேண்டும்? ஒரு மாடி வீடு, மேற்கூரை எட்டடி, ஸ்டவ்வின் மேல்தட்டு 30 அங்குலம் என்று வைப்போம். ஸ்டவ் பைப் 66 அங்குலம். மேற்கூரைக்குமேல் பரண் நாலடி. கூரையைத் துளைத்து வெளிவரும் இடம் முகட்டிலிருந்து நாலடி தள்ளி, சரிவு அடிக்கு ஆறங்குலம். அங்கிருந்து முகடு இரண்டடி உயரத்தில் இருக்கும். விதி இது: வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி, கூடவே பத்தடி தூரத்துக்குள் இருக்கும் எந்தக் கூரைப்பகுதியையும்விட இரண்டடி உயரம். ஆக இங்கே நாலடி. பரணில் நாலு, வெளியே நாலு, எட்டடிக்கு மூன்று 36 அங்குலத் துண்டு. ஒவ்வோர் இணைப்பிலும் ஏறக்குறைய ஓர் அங்குலம் போகும், எட்டே முக்கால் அடி நிற்கும். விதி நிறைவேறிவிட்டது.

ஆனால் ஸ்டவ் மேல்தட்டிலிருந்து கேப்வரை மொத்தம் பதினாலே கால் அடிதான். பல ஸ்டவ் கையேடுகள் பதினைந்தடி கேட்கும். ஒரு 12 அங்குலத் துண்டைச் சேர்த்தால் பதினைந்தடியைத் தாண்டிவிடும். கூரைக்குமேல் இப்போது ஐந்தரை அடிக்குமேல் நிற்கிறது, ஐந்தடியைத் தாண்டினால் இரண்டு கம்பிகளால் கூரையோடு முட்டுக் கொடுக்கும் பிரேஸ் கிட் வேண்டும். அதுவும் பெட்டியில் இல்லை. கடைக்குப் போகுமுன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தால் இரண்டாம் முறை வண்டி எடுக்க வேண்டியிருக்காது.

வெப்பக்காப்புள்ள பைப்பை எக்காரணம் கொண்டும் வெட்டக்கூடாது. துண்டுகளைச் சேர்த்துத்தான் உயரம் பிடிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பைப் இன்னொன்றோடு சேராது, டியூராபிளஸும் டியூராடெக்கும்கூட ஒன்றோடொன்று சேராது. பழைய சிம்னியை நீட்டுபவர்கள் முதலில் பழைய பைப்பின் லேபிளைப் படிக்கட்டும்.

வீட்டுக்குள் இருக்கும் பகுதிக்கு இரண்டு வழி. 24 கேஜ் ஒற்றைச் சுவர் டியூராபிளாக் விலை குறைவு, ஆனால் சுவரிலிருந்து 18 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். இரட்டைச் சுவர் டிவிஎல் ஆறங்குலத்தில் நின்றுவிடும், புகையும் சூடு குறையாமல் போகும். அறை சிறிதென்றால் டிவிஎல்தான். ஸ்டவ் பக்கமும் தாங்கு பெட்டி பக்கமும் அதற்கான அடாப்டர்களைச் சேர்த்தே வாங்க வேண்டும். எந்த ஸ்டவ் பைப்பும் மேற்கூரையையோ சுவரையோ பரணையோ துளைத்துப் போகக்கூடாது. அங்கெல்லாம் வெப்பக்காப்புள்ள சிம்னிதான்.

ஸ்டவ் பைப்பில் நெளிவு வைத்த முனை கீழ்நோக்கி, ஸ்டவ்வின் பக்கம் இருக்க வேண்டும். பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், புகை இடுக்கில் கசியாதா என்று கேட்பார்கள். இழுவை இருக்கும்போது புகை வெளியே கசியாது, வெளிக்காற்றுதான் உள்ளே இழுபடும். வழிவது கிரியோசோட். முனை கீழ்நோக்கி இருந்தால் அது உள்ளேயே வழிந்து ஸ்டவ்வில் விழுந்து எரிந்துபோகும். மாற்றி வைத்தால் பைப்பின் வெளிப்புறத்தில் கறுப்புக் கோடாக இறங்கி, நாற்றம் மாதக்கணக்கில் போகாது. ஒற்றைச் சுவர்ப் பைப்பின் ஒவ்வோர் இணைப்புக்கும் மூன்று ஸ்க்ரூ.

மேற்கூரையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு ஸ்டவ்வின் வாய்மையத்தைக் குறிப்பது முதல் வேலை. நடுவில் சட்டம் குறுக்கிட்டால் ஸ்டவ்வை நகர்த்துவதே சிறந்தது. எல்போ போட்டு வளைப்பது அடுத்த வழி, ஒவ்வொரு வளைவும் இழுவையைத் தின்னும். படுக்கையாகப் போகும் பகுதி தவிர்க்க முடியாவிட்டால் அடிக்குக் கால் அங்குலம் ஏற்றம் கொடுக்க வேண்டும்.

பரணில் அந்த இரண்டு அங்குல இடைவெளிக்குள் பஞ்சோ கண்ணாடி இழையோ விழக்கூடாது. அதைத் தள்ளிநிறுத்தும் உலோக உறைதான் இன்சுலேஷன் ஷீல்டு. "காலியாகக் கிடக்கிறதே" என்று நல்லெண்ணத்தில் யாராவது பஞ்சைத் திணித்துவிடுவதுதான் ஆபத்து, வெளியேற வழியில்லாத சூடு மரத்தை வருடக்கணக்கில் வறட்டும். மேலே இன்னொரு மாடி இருந்தால் தளத்துக்குத் தளம் தீ பரவாமல் தடுக்கும் ஃபயர்ஸ்டாப் தகடு வைத்து, ஆட்கள் புழங்கும் அறையில் பைப்பைச் சுற்றிப் பெட்டிச்சுவர் கட்ட வேண்டும்.

ஃபிளாஷிங்கின் மேல்பாதி கூரைமேல் வேயும் ஷிங்கிளுக்கு அடியில், கீழ்பாதி ஷிங்கிளுக்கு மேல். கீழ் விளிம்பில் ஆணி அடித்தால் ஒழுகலை விலைகொடுத்து வாங்கியதாகும். சிலிக்கான் பூச வேண்டியது ஸ்டார்ம் காலரின் மேல் விளிம்பில் மட்டும். ஃபிளாஷிங் கூம்புக்கும் பைப்புக்கும் நடுவிலுள்ள சந்து காற்று போவதற்கு, அதை அடைக்கக்கூடாது.

குறை என்று சொன்னால், டியூராபிளஸ் பருத்தது, கனமானது, செங்குத்தான கூரையில் ஒற்றை ஆளாகத் தூக்கி இணைக்க முடியாது. தீப்பொறி வலை போட்ட எந்தக் கேப்பும் ஈரவிறகு எரித்தால் சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். ஸ்டவ் கதவைத் திறந்ததும் திடீரென்று புகை உள்ளே வரத் தொடங்கினால் முதலில் அந்த வலையைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே வீட்டிலிருக்கும் எட்டங்குலச் சிம்னியில் ஆறங்குல ஸ்டவ்வை மாட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: குறுக்குப் பரப்பு 28 சதுர அங்குலத்திலிருந்து 50 ஆகும், புகை மெதுவாகி, குளிர்ந்து, படியும்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும், ஆண்டுக்கொருமுறை உள்ளே பார்க்கட்டும், படிவு எட்டில் ஒரு பங்கு அங்குலம் தொட்டால் பிரஷ் போடட்டும். முதல் இரண்டு மூன்று முறை எரிக்கும்போது கறுப்புப் பைப்பின் பெயின்ட் வெந்து நாறும். ஜன்னல்களைத் திறந்துவைத்துச் சிறு தீயாகத் தொடங்கினால் போதும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தை அதற்கு முந்தைய நாளே மாட்டிவிட வேண்டும்.