ஹாஸ்கலில் சர்க்குலர் பஃபர்: இரண்டு லிஸ்ட்டா, சீக்வென்ஸா, மியூட்டபிள் வெக்டரா?

சர்க்குலர் பஃபர் என்பது அளவு மாறாத சேமிப்பிடம்: நிரம்பிய பின் புதியது வந்தால் மிகப் பழையது வெளியேறும். சி மொழியில் அதை எழுத ஓர் அர்ரேயும் இரண்டு இண்டெக்ஸும் போதும். அதை அப்படியே ஃபங்ஷனல் மொழியான ஹாஸ்கலுக்குக் கொண்டுவந்தால் உதைக்கும். மாறாத வெக்டரில் (ஹாஸ்கலில் அர்ரே போன்றது) ஒரே ஓர் இடத்தை மாற்றினாலும் முழு வெக்டரும் நகலாகும். 1000 இடமுள்ள பஃபரில் ஒவ்வொரு எண்ணைச் சேர்க்கும்போதும் 1000 இடம் நகல் என்றால் கட்டுப்படியாகாது. மிச்சமிருப்பது மூன்று வழிகள்.

முதலாவது, இரண்டு லிஸ்ட். பழையவை முன் லிஸ்ட்டில், புதியவை பின் லிஸ்ட்டில் தலைகீழாக. கொள்ளளவு 4 என்று வைப்போம். 1, 2, 3, 4 சேர்த்ததும் பின் லிஸ்ட் [4,3,2,1], முன் லிஸ்ட் காலி. இப்போது 5 வருகிறது, 1 போக வேண்டும். பின் லிஸ்ட்டைத் திருப்பி முன்னுக்குத் தள்ளி, தலையை வெட்டினால் முன் [2,3,4], பின் [5]. அடுத்து 6, 7, 8 வரும்போது திருப்பும் வேலையே இல்லை. நான்கு முறைக்கு ஒரு தடவை நான்கைத் திருப்புகிறோம். சராசரியில் ஒன்றுக்கு ஒன்று. அழகுதான். ஆனால் கொள்ளளவு 1000 என்றால் அந்த ஒரு தடவை மொத்தச் சுமையும் ஒரே நேரத்தில் விழும். திருப்புவதற்கு முந்தைய நிலையைப் பிடித்துவைத்து, அதிலிருந்து பத்து கிளை பிரித்தால் பத்து முறையும் திருப்பல் நடக்கும். நடுவில் உள்ள எண்ணைக் கேட்டால் நடந்துதான் போக வேண்டும்.

இரண்டாவது, டேட்டா.சீக்வென்ஸ் என்ற நூலகம். ஃபிங்கர் ட்ரீ என்ற மர அமைப்பின் மேல் கட்டியது. இரு முனைகளிலும் சேர்க்க, எடுக்கச் சராசரியில் மாறாத நேரம். நடுவில் தேட எண்ணிக்கையின் லாகரிதம் அளவு நேரம். பழைய நிலைகளும் பத்திரமாக இருக்கும். அண்டூ வசதி வேண்டுமா, கண்ணை மூடிக்கொண்டு இதை எடுங்கள். நானும் முதலில் இதைத்தான் எழுதுவேன்.

ஆனால் சென்சாரிலிருந்து எண்கள் கொட்டுகின்றன, கடைசி ஆயிரத்தின் சராசரி போதும், பழைய நிலையை யாரும் கேட்கப்போவதில்லை என்றால் கூச்சப்படாமல் மூன்றாவது வழிக்கு, அன்பாக்ஸ்டு மியூட்டபிள் வெக்டருக்குப் போங்கள்: இருந்த இடத்திலேயே மாற்றலாம், சுட்டி இல்லாமல் எண்களே நேரடியாக உள்ளே இருக்கும். 64 பிட் கணினியில் லிஸ்ட்டில் ஓர் இன்ட் பொதுவாக 40 பைட் தின்னும்: கண்ணிக்கு 24, எண்ணுக்கு 16. இங்கே 8 பைட்தான். பயன்படாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டருக்கும் உள்ளே துழாவ ஒன்றுமில்லை. சுட்டிகளை வைக்கும் பாக்ஸ்டு வெக்டர் என்றால் மட்டும் உஷார்: இன்னும் கணக்கிடாமல் தள்ளிவைத்த கணக்கு (தங்க்) உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், நினைவகம் ஏறிக்கொண்டே போகும். மாற்றங்களை உள்ளேயே மறைத்துவைக்கும் எஸ்டி மோனாடுக்குள் அடைத்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் தூய ஃபங்ஷன்தான். ஆனால் வெளியே எடுக்க ஒவ்வொரு முறையும் ஃப்ரீஸ் செய்தால் (மாறாத வெக்டராக நகலெடுத்தால்) நகல் வேலை பின்வாசல் வழியாக வந்துவிடும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், நான் அரை நாள் தொலைத்தது. பின்னோக்கி நகரும்போது இண்டெக்ஸ் −1 ஆகலாம். மீதி காண ஹாஸ்கலில் மாட், ரெம் என்று இரண்டு ஃபங்ஷன்: −1ஐ 8ஆல் வகுத்தால் மாட் 7 தரும், ரெம் −1 தரும். வேகத்துக்காக ரெம் போட்டு, எல்லை பார்க்காத அன்சேஃப்ரீடையும் சேர்த்திருந்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, சராசரி மட்டும் அவ்வப்போது கோடிகளில் வந்தது.