எபிரேய மூலத்துக்கு எந்த வழியில் போகலாம்? சங்கீதம் 23:6-ஐ வைத்து ஓர் அலசல்

பழைய ஏற்பாட்டை எபிரேயத்தில் ஆழமாகப் படிக்கக் கிளம்புபவர் முன்னால் நான்கு வழிகள் உண்டு: மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் படிப்பது, ஸ்ட்ராங் எண்ணைப் பிடித்துப் போவது, இன்றைய இஸ்ரேலின் எபிரேயத்தைக் கற்பது, விவிலிய எபிரேய இலக்கணத்தை முறையாகப் படிப்பது. ஒரே வசனத்தை நான்கிலும் ஓட்டிப் பார்ப்போம்.

"என் ஜீவனுள்ள நாளெல்லாம் நன்மையும் கிருபையும் என்னைத் தொடரும், நான் கர்த்தருடைய வீட்டிலே நீடித்த நாட்களாய் நிலைத்திருப்பேன்."

மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுதல்

செலவே இல்லாத வழி. 1871-இன் பழைய திருப்புதல் 'தொடரும்' என்கிறது. 1995-இன் திருவிவிலியம் 'புடைசூழ்ந்து வரும்' என்கிறது. அங்கே 'கிருபை', இங்கே 'பேரன்பு'. இரண்டும் எங்கே பிரிகின்றனவோ அங்கே மூலச் சொல் எளிதில் தமிழுக்கு வரவில்லை என்று பொருள். தோண்ட வேண்டிய இடத்தை இந்த வழி காட்டிவிடும். ஆனால் தோண்டித் தராது. இரண்டு மொழிபெயர்ப்பும் ஒன்றுபோலச் சொல்லும் இடத்தில் ஏதாவது மறைந்திருந்தால், அது இருப்பதே தெரியாமல் போகும்.

ஸ்ட்ராங் எண்

1890-இல் வெளிவந்த ஸ்ட்ராங் ஒத்துவாக்கிய அகராதி (எந்தச் சொல் எந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் நூல்), எபிரேய, அரமேயச் சொற்களுக்கு 1 முதல் 8674 வரை எண் கொடுத்தது. பல வேதாகமச் செயலிகளில் சொல்லைத் தட்டினால் வருவது இந்த எண்தான். 'தொடரும்' 7291, 'ராதஃப்'. அதே எண் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடினால், பார்வோன் இஸ்ரவேலரைத் துரத்துவதும் (யாத்திராகமம் 14:8), சவுல் தாவீதைத் துரத்துவதும் (1 சாமுவேல் 23:25), மலைகளில் கவுதாரியை வேட்டையாடுவதும் (1 சாமுவேல் 26:20) வரிசையாக வரும். கவுதாரிபோல விரட்டப்பட்ட தாவீதின் பெயரில் நிற்கும் இந்தப் பாட்டில், இப்போது துரத்திக்கொண்டு வருவது நன்மையும் கிருபையும். எண்ணுக்கு இதைவிட நல்ல பயன் கிடையாது.

சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எண்ணுக்குக் கீழே வரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியல், பழைய ஆங்கில வேதாகமம் அந்தச் சொல்லைப் பல இடங்களில் எப்படியெல்லாம் பெயர்த்தது என்பதன் கணக்கு. அதைப் பொருள் வரிசையாக எடுத்துக்கொண்டு, பிடித்ததைப் பொறுக்கி வசனத்தில் பொருத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. 1288, 'பாரக்', 'ஆசீர்வதி'. யோபு 2:9-இல் 'தேவனைத் தூஷித்து' என்ற இடத்திலும் இதே சொல்தான் நிற்கிறது. அங்கே அது நம் இலக்கணம் சொல்லும் இடக்கரடக்கல்; அதை வைத்து மற்ற இடங்களிலும் ஆசீர்வாதத்துக்குள் சாபம் ஒளிந்திருப்பதாகச் சொல்ல முடியாது.

வினையின் வடிவத்தையும் எண் காட்டாது. 3925 'லாமத்': ஒரு வடிவத்தில் கற்றல், இன்னொரு வடிவத்தில் கற்பித்தல். உபாகமம் 5:1-இல் ஜனங்கள் கற்கிறார்கள், 4:1-இல் மோசே கற்பிக்கிறார்; எண் ஒன்றே. வேரெழுத்தை நம்பினாலும் விபத்துதான். 'லெஹெம்' அப்பம், 'மில்ஹாமா' போர். இரண்டிலும் ல்-ஹ்-ம் என்ற அதே மூன்று மெய்கள். அப்பத்துக்குள் போர் இருக்கிறது என்று பிரசங்கம் செய்யலாம். அகராதிகள் இவற்றை இரு தனி வேர்களாகத்தான் வைத்திருக்கின்றன.

இன்றைய எபிரேயம்

வேகமாக வாசிக்க வரும், காதும் பழகும். 'ராதஃப்' என்றதும் துரத்துவது உடனே மனதில் படும். ஆனால் எசேக்கியேல் 1:4-இல் நெருப்பின் நடுவே ஒளிரும் 'ஹஷ்மல்' இன்று மின்சாரம். ஏசாயா 54:12-இன் 'எக்தாஹ்' என்ற இரத்தினம் இன்று கைத்துப்பாக்கி. இவற்றையாவது கண்டுபிடித்துவிடலாம். வினைதான் ஏமாற்றும். நம் வசனத்தின் 'வெ-ஷவ்தி'யை இன்றைய காதால் கேட்டால் 'திரும்பினேன்'. விவிலிய இலக்கணத்தில் இறந்தகால வடிவத்தின் முன்னால் 'வெ' ஒட்டினால் பெரும்பாலும் எதிர்காலம்: 'திரும்புவேன்'.

இலக்கணம்

திரும்புவேனா? தமிழில் 'நிலைத்திருப்பேன்' என்றல்லவா இருக்கிறது? இங்கேதான் இலக்கணம் படித்தவர் நிற்பார். ஆங்கில வேதாகமத்தை ஒட்டி எண் போட்ட கருவிகளில் இந்தச் சொல்லுக்கு 3427, 'யாஷவ்', தங்கு. மூலத்தில் இட்டிருக்கும் உயிர்க்குறியோ 'ஷூவ்', திரும்பு (7725). 'ஷவ்தி' என்பதை 'ஷிவ்தி' என்று வாசித்தால் 'நான் தங்குவது'. சங்கீதம் 27:4-இல் அப்படியே இருக்கிறது. மெய்யெழுத்துகளில் மாற்றம் இல்லை. உயிர்க்குறிகளை மசோரெத்தியர் (மூலத்தைப் பேணிப் படியெடுத்த யூத அறிஞர்கள்) பிற்காலத்தில் இட்டார்கள். அதற்கு முன்பே கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர் 'தங்குவது' என்று வாசித்திருக்கிறார்கள். எண்ணைத் தட்டியவருக்கு ஒரு விடை கிடைத்தது. இலக்கணம் படித்தவருக்கு அதனடியில் இருந்த கேள்வி கிடைத்தது.

ஒலியும் இந்த வழியில்தான் வசமாகும். எரேமியா 1:11-இல் தீர்க்கதரிசி காண்பது 'ஷாக்கேத்', வாதுமை. அடுத்த வசனத்தில் தேவன் 'ஷோக்கேத்', விழித்திருக்கிறார். எந்தத் தமிழாலும் இதைக் கொண்டுவர முடியாது.

ஐந்தாவதாக ஒன்று காணொளிகளில் ஓடுகிறது: ஒவ்வோர் எழுத்தும் ஒரு படம் (ஆலெஃப் எருது, பேத் வீடு), படங்களைச் சேர்த்தால் சொல்லின் ஆழ்பொருள் என்பது. அம்மா என்பதில் அ உயிர், ம் மெய், மா உயிர்மெய் என்று சொல்லி மகிழ்வோமே, அதே வகை. ரசிக்கலாம், ஆதாரமாக நிறுத்தக் கூடாது.

எதற்கு எவ்வளவு உழைப்பு

22 எழுத்துகள், அவற்றில் ஐந்துக்குச் சொல்லிறுதி வடிவம், மேலும் உயிர்க்குறிகள்: தினம் அரை மணி நேரம் கொடுத்தால் மூன்று நான்கு வாரம். இலக்கணத்துக்கு ஓராண்டு. ஏழு முக்கிய வினைவடிவங்களை முடித்ததும் யோனா (48 வசனங்கள்), பிறகு ரூத் (85) என்று போவது வழக்கம். கற்பிக்கப்போகிறவருக்கு இந்த ஓராண்டுக்குக் குறுக்குவழி இல்லை. தனக்காகப் படிப்பவருக்கு எழுத்துப் பயிற்சியும் ஸ்ட்ராங் எண்ணும் போதும். எண்ணைத் தேடலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பொருளுக்கு அகராதியைப் பார்க்க வேண்டும். காப்புரிமை முடிந்து இலவசமாகக் கிடைக்கும் 1906-இன் பிரவுன்-டிரைவர்-பிரிக்ஸ் அகராதி வேர்வரிசையில் இருப்பதால் புதியவர் திணறுவார். செயலியில் எண் வழியாகத் திறப்பது எளிது.

குறிப்பெடுக்கும்போது எபிரேய எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் 'காரா' என்று எழுதி வைத்தால், அது கூப்பிடுவதா, நேர்வதா, கிழிப்பதா, தோண்டுவதா என்று பிறகு தெரியாது; நான்கும் தனித்தனி எழுத்துக்கூட்டு உள்ள தனிச் சொற்கள். வசன எண்ணிலும் கவனம் வேண்டும். எபிரேயத்தில் பல சங்கீதங்களின் தலைப்பும் வசனமாக எண்ணப்படுகிறது; 51-இன் தலைப்பு இரண்டு வசனங்கள் என்பதால், பழைய திருப்புதலின் 51:10 அங்கே 51:12.